ஃபார் லூப்பில் நம் கிளாஸ்: கேள்வி பதில்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பைத்தான் பழகுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பைத்தான் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கிலத்தில் தட்டுங்கள். முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு வரும் பெயர்களை வழக்கம்போல ‘டண்டர்’ என்றே சொல்கிறேன்.

குன்னூர் மாணவர்: சார், மலைரயில் நிலையங்களுக்கு ஒரு கிளாஸ் எழுதினேன். உள்ளே லிஸ்ட் இருக்கிறது. ஆனாலும் ஃபாரில் போட்டால் ‘நாட் இட்டரபிள்’ (ஒவ்வொன்றாக எடுக்க முடியாதது) என்று டைப்எரர் வருகிறது.

உள்ளே லிஸ்ட் இருப்பதை பைத்தான் துழாவிப் பார்க்காது. ஃபார் முதலில் இட்டர் ஃபங்ஷனைக் கூப்பிடும். அது உங்கள் கிளாஸில் டண்டர் இட்டர் என்ற மெத்தட் உண்டா என்று தேடும். அதை எழுதிவிட்டால் போதும்:

கிளாஸ் மலைரயில்:
    டெஃப் __இட்டர்__(செல்ஃப்):
        ஃபார் நிலையம் இன் செல்ஃப்.பட்டியல்:
            யீல்ட் நிலையம்

யீல்ட் இருப்பதால் இந்த மெத்தட் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ஜெனரேட்டரைத் தரும். அடுத்தது எது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் அந்த ஜெனரேட்டரே பார்த்துக்கொள்ளும். யீல்ட் வேண்டாமென்றால் ‘ரிட்டர்ன் இட்டர்(செல்ஃப்.பட்டியல்)’ என்று எழுதலாம். ‘ரிட்டர்ன் செல்ஃப்.பட்டியல்’ என்று மட்டும் எழுதினால் மறுபடியும் டைப்எரர்தான்: திருப்பித் தந்தது இட்டரேட்டர் (அடுத்தடுத்து ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது) இல்லை, லிஸ்ட் என்று சொல்லும். இன்னொன்று, டண்டர் மெத்தடுகளை கிளாஸிலேயே எழுத வேண்டும். உருவாக்கிய ஆப்ஜெக்டின் மேல் பிறகு ஒட்டவைத்தால் பைத்தான் அதைக் கண்டுகொள்ளாது.

அதே மாணவர்: நான் பார்த்த பாடத்தில் டண்டர் இட்டரில் வரிசை எண்ணை 0 ஆக்கி ‘ரிட்டர்ன் செல்ஃப்’ என்றும், அடுத்ததை எடுத்துத் தரும் டண்டர் நெக்ஸ்டில் அந்த எண்ணைக் கூட்டுவதாகவும் இருந்தது. அப்படியே எழுதினேன். ஒரு லூப்புக்கு நன்றாக ஓடுகிறது. கட்டண அட்டவணைக்காக லூப்புக்குள் லூப் போட்டால் குன்னூர் வரிசை மட்டும்தான் வருகிறது.

இந்தத் தலைப்பில் எல்லோரும் வழுக்கும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி என ஆறு நிலையங்களை வைத்துக்கொள்வோம். ஆறுக்கு ஆறு, 36 வரி வர வேண்டும். உங்கள் டண்டர் இட்டர் எண்ணை 0 ஆக்கிவிட்டு செல்ஃபையே தருகிறது. வெளி லூப் குன்னூரை எடுக்கிறது, எண் 1. உள் லூப் தொடங்கியதும் எண் திரும்ப 0. அது ஆறு நிலையத்தையும் ஓட்டி முடிக்கும்போது எண் 6. இப்போது வெளி லூப் அடுத்ததைக் கேட்கிறது. எண் கடைசியில் நிற்பதால் ‘இனி இல்லை’ என்று சொல்லும் ஸ்டாப்இட்டரேஷன் எழுந்து வெளி லூப்பும் முடிந்துவிடுகிறது. 36 வரிக்குப் பதில் 6. எண்ணை 0 ஆக்கும் வரியை டண்டர் இட்டரில் எழுதாமல் விட்டிருந்தால் 5 வரிதான் வரும். அடுத்து போடும் லூப்பில் ஒன்றுமே வராது. எரரும் காட்டாது என்பதுதான் இதில் ஆபத்து.

வகுப்பில் வருகைப் பதிவேடு ஒன்றுதான். பெயர் மேல் வைத்து நகர்த்தும் விரல் வேறு. இரண்டு பேர் ஒரே பதிவேட்டை ஒரே நேரத்தில் வாசிக்கலாம், ஆளுக்கொரு விரல் இருந்தால். பதிவேடு இட்டரபிள், விரல் இட்டரேட்டர். உங்கள் கிளாஸ் பதிவேடாகவே இருக்கட்டும். டண்டர் இட்டர் கூப்பிடும்போதெல்லாம் புது விரலைக் கொடுக்கட்டும். மேலே காட்டிய யீல்ட் வடிவம் அதைத்தான் செய்கிறது. டண்டர் நெக்ஸ்டை உங்கள் கிளாஸில் எழுதவே தேவையில்லை.

கோத்தகிரி வாசகி: பசுந்தேயிலை எடைக் கோப்பை வரி வரியாகப் படிக்க யீல்ட் போட்டு ஒரு ஃபங்ஷன் எழுதி, அதன் விடையை ‘எடை’ என்று வைத்தேன். சம் சரியாக வருகிறது. அடுத்த வரியில் மேக்ஸ் கேட்டால் வேல்யூஎரர்.

‘எடை’ ஒரு ஜெனரேட்டர், அதாவது விரல். சம் அதைக் கடைசிவரை தள்ளிவிட்டது. மேக்ஸுக்கு எதுவும் மிச்சமில்லை. கோப்பின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு கிளாஸ் எழுதுங்கள். கோப்பைத் திறப்பதும், வரியை எண்ணாக்குவதும், யீல்ட் செய்வதும் டண்டர் இட்டருக்குள் நடக்கட்டும். சம்முக்கு ஒருமுறை, மேக்ஸுக்கு ஒருமுறை கோப்பு புதிதாகத் திறக்கும். கோப்பு சிறியதென்றால் லிஸ்டாக மாற்றி வைத்துக்கொள்வது இன்னும் சுலபம்.

திறப்பதை ‘வித்’ போட்டு எழுதுங்கள். வெற்று வரிகளைத் தாண்டிப் போக ஒரு இஃப் தேவை. ஃப்ளோட்டுக்கு வெற்று வரி போனால் அங்கேயும் வேல்யூஎரர் வரும், முதல் தவறோடு குழப்பிக்கொள்வீர்கள். உள்ளே எங்கேயும் ஸ்டாப்இட்டரேஷனை நீங்களாக எழுப்ப வேண்டாம். பைத்தான் 3.7 முதல் ஜெனரேட்டருக்குள் அது ரன்டைம்எரராக மாறிவிடும். நிறுத்த வேண்டுமென்றால் வெறும் ரிட்டர்ன் போதும்.

கூடலூர்: டண்டர் கெட்ஐட்டம் மட்டும் எழுதினேன், ஃபார் ஓடுகிறதே?

ஓடும். பழைய வழி அது: 0, 1, 2 என்று கேட்டுக்கொண்டே போய் இண்டெக்ஸ்எரர் வந்ததும் நிறுத்தும். ஆனால் இஸ்இன்ஸ்டன்ஸ் வைத்து இட்டரபிளா என்று சோதித்தால் ‘இல்லை’ என்றே விடை வரும். டண்டர் இட்டரையும் எழுதிவிடுங்கள்.

இன்னொரு கேள்வி: மலைரயில் கிளாஸில் ஊட்டியிலிருந்து இறங்கும் வரிசைக்கு?

டண்டர் ரிவர்ஸ்ட் எழுதி, உள்ளே ‘ரிட்டர்ன் ரிவர்ஸ்ட்(செல்ஃப்.பட்டியல்)’ என்று வையுங்கள்.

வெலிங்டன்: டண்டர் லென்னில் ‘ரிட்டர்ன் லென்(லிஸ்ட்(செல்ஃப்))’ என்று எழுதினேன். ரிகர்ஷன்எரர் வருகிறது. நான் எங்கேயும் சுற்றிக் கூப்பிடவில்லையே?

நீங்கள் கூப்பிடவில்லை, லிஸ்ட் கூப்பிடுகிறது. எவ்வளவு இடம் ஒதுக்கலாம் என்று தெரிந்துகொள்ள அது முதலில் உங்கள் டண்டர் லென்னைக் கேட்கும், அது லிஸ்டைக் கேட்கும், முடிவே இல்லை. உள்ளிருக்கும் பட்டியலின் நீளத்தை நேரே கொடுங்கள். பட்டியல் இல்லையென்றால் லூப் போட்டு ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

கோத்தகிரி வாசகி: ஊர்ப்பெயரை ஃபாரில் போட்டால் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக விழுகின்றன. எழுத்து எழுத்தாக வர வழி உண்டா?

நல்ல பயிற்சி இது, அவசியம் செய்து பாருங்கள். பைத்தானின் ஸ்ட்ரிங் யூனிகோட் குறிகளாகத்தான் பிரியும். ‘ஊட்டி’ நமக்கு மூன்று எழுத்து. பைத்தானுக்கு ஊ, ட, புள்ளி, ட, இகரக் குறி என ஐந்து. எனவே ‘தமிழ்ச்சொல்’ என்று ஒரு கிளாஸ் எழுதி, டண்டர் இட்டரில் இப்படிச் சேர்க்க வேண்டும்: கையில் ஒரு வெற்று ஸ்ட்ரிங் வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோட்டேட்டா மாட்யூலின் கேட்டகிரி ஃபங்ஷன் ஒவ்வொரு குறிக்கும் இரண்டெழுத்து வகை தரும். வகை ‘எம்’மில் தொடங்கினால் அது புள்ளியோ உயிர்க்குறியோதான், கையிலிருப்பதோடு ஒட்டுங்கள். இல்லையென்றால், கையில் ஏதாவது இருந்தால் அதை யீல்ட் செய்துவிட்டு, புதுக் குறியைக் கையில் எடுங்கள்.

லூப் முடிந்தபின் கையில் மிஞ்சியதையும் யீல்ட் செய்ய மறக்காதீர்கள். மறந்தால் ‘ஊ’, ‘ட்’ வரும். ‘டி’ காணாமல் போகும்.

உங்கள் ஊர்ப்பெயரிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ‘கோத்தகிரி’யின் நீளம் ஒன்றில் 9, மற்றதில் 10. இரண்டும் சமமா என்று கேட்டால் ஃபால்ஸ். ஆகவே கிளாஸுக்குள் வரும் சொல்லை அதே மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில், பிரிந்த குறிகளைச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியபின் சேமியுங்கள். இரண்டும் 9 ஆகிவிடும். எழுத்தாகப் பிரித்தால் கோ, த், த, கி, ரி என்று ஐந்து வரும்.

‘க்ஷ’வை மட்டும் இந்த முறை க், ஷ என இரண்டாகவே தரும். ஒன்றாக வேண்டுமானால், கையிலிருப்பது ‘க்’ஆக இருந்து அடுத்த குறி ‘ஷ’வாக வந்தால் ஒட்டிக்கொள் என்று இன்னொரு நிபந்தனை சேர்க்க வேண்டும்.