எந்த டேட்டாவைக் கொடுத்தாலும் ஓடும் – கடிதம்

அன்புள்ள சார்,

மூன்று வருடமாக டேட்டா சயின்ஸ் வேலையில் இருக்கிறேன். பைத்தான் மொழி, அதன் பாண்டாஸ், சைகிட்-லெர்ன் லைப்ரரிகள் என்று இருநூறு ஸ்னிப்பெட்டுகளுக்கு (அடிக்கடி தேவைப்படும் சின்னக் கோட் துண்டுகள்) மேல் சேர்த்துவிட்டேன். மெயில், நோட்பேட், எனக்கு நானே அனுப்பிய வாட்ஸ்அப் என்று சிதறிக் கிடக்கின்றன. எதில் ஒழுங்குபடுத்தி வைப்பது? ஏஐயே எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். நான் அதிகம் பயன்படுத்தும் எட்டு வரிகளை இணைத்திருக்கிறேன். எந்த டேட்டாவைக் கொடுத்தாலும் ஓடும்.

கே.

அன்புள்ள கே.,

எதில் வேண்டுமானாலும் வையுங்கள். தேடினால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். கோட் சேமித்து வைக்கும் ஒரு கிட் ரெப்போவில் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகப் போட்டாலே போதும். நண்பர்களை விடுங்கள். ஏஐ எழுதித் தந்தாலும் அது சரியா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

உங்கள் எட்டு வரிகளைத்தான் விட முடியவில்லை. இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகள் பலரிடம் இதே வரிசையைப் பார்த்து, எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். முதலில் விடுபட்ட மதிப்புகளைச் சராசரியால் நிரப்புகிறீர்கள். அடுத்து எல்லா எண்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஸ்டாண்டர்ட் ஸ்கேலர். அடுத்து செலக்ட்-கே-பெஸ்ட் போட்டு, விடையோடு (மாடல் கணிக்க வேண்டியதோடு) அதிகம் ஒத்துப்போகும் நூறு ஃபீச்சர்களை, அதாவது டேட்டாவின் பத்திகளை, பொறுக்குகிறீர்கள். எல்லாம் முடிந்தபின் ட்ரெயின்-டெஸ்ட் ஸ்ப்ளிட், அதாவது மாடலைப் பழக்க ஒரு பகுதி, சோதிக்க ஒரு பகுதி என்று பிரிக்கிறீர்கள். தம்பி, டெஸ்ட் டேட்டாவின் விடைகளையும் பார்த்துத்தானே அந்த நூறைப் பொறுக்கினீர்கள்? அப்புறம் அது என்ன டெஸ்ட்?

ஹேஸ்டி, டிப்ஷிரானி, ஃப்ரீட்மன் என்ற புள்ளியியல் பேராசிரியர்கள் மூவரும் தங்கள் பாடநூலில் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். 50 மாதிரிகள், 5000 ஃபீச்சர்கள். எந்த ஃபீச்சருக்கும் விடையோடு சம்பந்தமே கிடையாது, எல்லாம் ரேண்டம் எண்கள். விடை சரிசமமான இரண்டு வகைகளில் ஒன்று என்பதால் எந்த மாடலும் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் சொல்லும். ஆனால் மொத்த டேட்டாவையும் பார்த்து 100 ஃபீச்சர்களைப் பொறுக்கிவிட்டு, அதன்பிறகு கிராஸ் வேலிடேஷன் (டேட்டாவைப் பல பகுதிகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒருமுறை டெஸ்டாக வைத்துப் பார்ப்பது) செய்தால் பிழை சராசரியாக 3 சதவீதம் என்று வருகிறது. ஒன்றுமே இல்லாததிலிருந்து 97 சதவீத அக்யூரசி! எர்ரர் மெசேஜ் எதுவும் வராது. கிளையண்ட் மீட்டிங்கில் கைதட்டல்கூட வரும்.

ஸ்கேலர் வழியாக டெஸ்ட் டேட்டாவின் விவரம் மாடலுக்குக் கசிவது பெரும்பாலும் கொஞ்சம்தான், அதற்காக இவ்வளவு சத்தம் போட மாட்டேன். விடையைப் பார்த்துப் பொறுக்குவது அப்படியில்லை. நிரப்புவது, ஸ்கேலர், பொறுக்குவது மூன்றையும் மாடலோடு சேர்த்து ஒரு பைப்லைனுக்குள் (படிகளை வரிசையாக ஓட்டும் சைகிட்-லெர்ன் வசதி) போடுங்கள். கிராஸ் வேலிடேஷன் செய்தால் ஒவ்வொரு ஃபோல்டிலும் (சுற்றிலும்) ட்ரெயின் பகுதியை மட்டும் பார்த்து அதுவே புதிதாகப் பொறுக்கிக்கொள்ளும்.

எந்த டேட்டாவைக் கொடுத்தாலும் ஓடும் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயமே அதில்தான். ஒரே நோயாளியின் பல எக்ஸ்ரேக்கள் இருந்தாலும் ஓடும். எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் ஸ்டான்ஃபோர்டின் CheXNet மாடல் பற்றிய கட்டுரை 2017இல் முதலில் வந்தபோது, 30,805 பேருடைய 1,12,120 எக்ஸ்ரே படங்களை, யாருடைய படம் என்று பார்க்காமல், ஒருவருடைய படங்களே ட்ரெயினிலும் டெஸ்டிலும் வரக்கூடியபடி பிரித்திருந்தார்கள். ஒருவர் சுட்டிக்காட்டியதும் திருத்தி வெளியிட்டார்கள். அவர்களுக்கே அப்படி. பழைய பாண்டாஸ் ஸ்னிப்பெட்டில் டேட்டாஃப்ரேமின் (பாண்டாஸ் அட்டவணையின்) அப்பெண்ட் இருந்தால், பாண்டாஸ் 2.0 பதிப்பில் அது எர்ரர் காட்டி நின்றுவிடும். அந்த மாதிரி உடைகிற ஸ்னிப்பெட் நல்லது, குறைந்தபட்சம் கத்துகிறது.

என் முதல் வேலையில் ஒரு சீனியர் அக்கா இருந்தார். டேட்டாபேஸிலிருந்து டேட்டா எடுக்க ஒரு எஸ்க்யூஎல் குவெரி கேட்டுப் போனால் உடனே தர மாட்டார். "உன் டேபிள்ல ஒரு கஸ்டமருக்கு எத்தனை ரோ?" என்பார். தெரியாது என்றால், "போய்ப் பார்த்துட்டு வா." டெட்லைன் நேரத்தில் எரிச்சல் எரிச்சலாக வரும். திரும்பி வரும்போது பாதி நாள் அந்தக் குவெரியே தேவைப்படாது; இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயின் போட்டால் ரோக்கள் பெருகிவிடும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அவருடைய ஃபைலில் ஒவ்வொரு குவெரிக்கு மேலும் தேதி, எந்த டேட்டாவுக்கு எழுதியது, அப்புறம் "எங்கே போடக் கூடாது" என்று ஒரு வரி. அந்த மூன்றாவது வரியை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. உங்கள் இருநூறில் எத்தனைக்கு அதை எழுத முடியும்? எழுத முடியாததை அழித்துவிடுங்கள், அடுக்கும் சிரமமும் குறையும்.

இந்த எட்டு வரிகளை வைத்து ஏற்கனவே யாருக்காவது ரிப்போர்ட் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் இன்றைக்கே பைப்லைன் போட்டுத் திரும்ப ஓட்டுங்கள். என்ன எண் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.