கில்லி உடை: யாருடைய கண்ணுக்கு மறைகிறோம்? (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் வில் வேட்டைப் பருவத்துக்கான ஆயத்தங்களைப் பற்றி எழுதியபோது, கில்லி உடையை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சணல் நாரும் துணிக் கீற்றுகளும் தலை முதல் கால் வரை தொங்க, அணிந்தவரைப் புதராகக் காட்டும் அந்த உடையைப் பற்றிய கேள்விகளுக்கே இம்முறை இப்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன்.

கில்லி உடை என்ற பெயருக்கும் நாம் சிறுவயதில் ஆடிய கில்லி விளையாட்டுக்கும் தொடர்பு உண்டா? இது ராணுவத்திலிருந்து வேட்டைக்கு வந்த உடையா?
(மிசிசாகா வாசகர்)

தொடர்பு இல்லை. ஒலி மட்டுமே ஒத்திருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியில் 'கில்லி' என்றால் பையன், பணியாள் என்று பொருள். அந்நாட்டு மலைப்பகுதிகளில் பெருநிலக்கிழார்களின் மான் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் துணையாகச் சென்ற பணியாட்களை அப்பெயரால் அழைத்தார்கள். மரமில்லாத மேட்டுநிலத்தில் மானை நெருங்குவதற்கு, சாக்குத்துணியையும் நாரையும் உடலில் போர்த்துக்கொண்டு தரையோடு தரையாக ஊர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே இது வேட்டையிலிருந்து ராணுவத்துக்குப் போன உடை. தென்னாபிரிக்கப் போர் நடந்துகொண்டிருந்த 1900ஆம் ஆண்டில், லோவற் பிரபு இத்தகைய மலைநாட்டு ஆட்களைத் திரட்டி 'லோவற் ஸ்கவுட்ஸ்' என்ற படையை அமைத்தார். முதலாம் உலகப் போரின்போது, 1916இல், அவர்களிலிருந்தே குறிசுடுநர் பிரிவு ஒன்று உருவானது.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைகளில் சாக்குத்துணியாக நெய்யப்பட்ட சணல், வங்காளத்தின் வயல்களிலிருந்து கப்பலேறிச் சென்றது. இன்றைக்கும் நல்ல கில்லி உடைக்குச் சணலே முதல் தேர்வாக இருக்கிறது. அதற்கு மினுக்கம் கிடையாது, சாயத்தை நன்றாக ஏற்கும், பிரித்துவிட்டால் காய்ந்த புல்லைப் போலவே தொங்கும்.

இந்த வருடம் முதல்முறையாக வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறேன். கடைகளில் விலை குறைந்த முழு உடை கிடைக்கிறது. அதை வாங்குவதா, நானே செய்வதா? எப்படிச் செய்வது?
(ஸ்காபரோ வாசகர்)

வாங்குவதற்கு முன்னர், நீங்கள் இருக்கப்போவது பரணிலா தரையிலா என்பதை முடிவு செய்யுங்கள். மரத்தில் பரண் கட்டி உட்காருபவருக்குக் கில்லி உடை தேவையே இல்லை. ஏணியில் ஏறும்போது தொங்கும் நார்கள் காலடியிலும் ஆணியிலும் சிக்கும் என்பதால், அங்கே அது ஆபத்தும்கூட. தரையில் உட்கார்ந்து, மான் வரும் தடத்தைப் பார்த்துக் காத்திருப்பவருக்குத்தான் இந்த உடை கைகொடுக்கும்.

வில்லாளிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நாணை விடும்போது அது முன்கையையும் மார்பையும் ஒட்டி மின்னல் வேகத்தில் ஓடுகிறது. அந்தப் பாதையில் ஒரு சணல் இழை குறுக்கிட்டாலும் அம்பு திசை மாறும், காயம்பட்ட மான் தப்பி ஓடி எங்கோ விழும். இதை நான் சிறிய விஷயமாகக் கருதுவதில்லை. விலை குறைந்த முழு உடைகளில் கை, மார்பு, முதுகு எல்லாமே ஒரே அடர்த்தியில் நார் தொங்குகிறது. அவை துப்பாக்கி வேட்டைக்காரருக்கு ஓரளவு பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், இலை வடிவில் வெட்டிய மெல்லிய துணி தைத்த உடையைத் தேர்ந்தெடுத்து, வில் பிடிக்கும் கையின் உட்புறத்தையும் மார்பின் அந்தப் பக்கத்தையும் கத்தரியால் மழித்துவிடுங்கள். அது எடை குறைவு, சூடும் குறைவு.

ஆனால், நேரம் இருப்பவர் தாமே செய்வதே நல்லது என்பது என் கருத்து. பழைய, தளர்வான முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதுகிலும் தோள்களிலும் ஏறத்தாழ ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள மீன்வலையை வைத்து, மெழுகு பூசிய டென்டல் ஃப்ளாஸால் தைத்துவிடுங்கள். அந்த நூல் எளிதில் அறாது. சணல் நார்களை எட்டு அல்லது பத்து இழைகள் கொண்ட பிடிகளாக, முழங்கை நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிடியையும் நடுவில் மடித்து, மடிந்த வளையத்தை வலைக்கண்ணில் நுழைத்து, இரு நுனிகளையும் அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் முடிச்சு இறுகும். கிடுகால் கூரை வேய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் கீழ்வரிசையில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். அப்போதுதான் மேலே தொங்கும் நார் கீழே உள்ள முடிச்சுகளை மறைக்கும், அடுத்த வரிசையைக் கட்டுவதற்கு வலையும் வெறுமையாகக் கிடைக்கும். முழு உடைக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ சணல் பிடிக்கும். முதுகும் தொப்பியும் மட்டுமென்றால் அதில் பாதி போதும், வில்லாளிக்கு அந்தப் பாதியே சிறந்தது.

தொப்பியில்தான் அதிகக் கவனம் செலுத்த வேண்டும். காட்டில் நேர்கோடும் முழு வட்டமும் அரிது. மனிதத் தலையும் அதிலிருந்து தோளுக்கு இறங்கும் வளைவும் எந்த விலங்குக்கும் உடனே அடையாளம் தெரிகின்ற வடிவம். அகன்ற விளிம்புத் தொப்பியின் பின்புறத்திலிருந்து தோள்வரை நார் தொங்கினால் அந்த வளைவு உடைந்துவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை, பலரும் கடும் பச்சையில் தொடங்கிவிடுகிறார்கள். ஒக்டோபரில் இங்கே, கனடாவின் ஒன்ராறியோவில், காடு பச்சையாக இருப்பதில்லை. வைக்கோல் நிறம், சருகுப் பழுப்பு, மங்கிய சாம்பல் ஆகியவை பெரும்பகுதியாக இருக்கட்டும். பச்சை, கறியில் உப்பைப் போல அளவோடு போதும். கறுப்பை அறவே தவிருங்கள், ஏனெனில் மழையில் நனைந்த சணல் தானாகவே கறுக்கும். தைத்து முடித்த உடையை மண்ணிலும் சேற்றிலும் இழுத்துப் புரட்டி, வெயிலிலும் மழையிலும் சில நாள் கிடக்கவிட வேண்டும். வேட்டை நாளன்று, நீங்கள் உட்காரும் இடத்துச் செடிகொடிகளையே பறித்து வலைக்கண்களில் செருக வேண்டும். சணல் வெறும் அடித்தளம்தான், மறைப்பின் பெரும்பகுதி அந்தந்த இடத்துத் தழையிலிருந்தே வருகிறது.

இவ்வளவு பாடுபட்டு மறைந்த பிறகு, சட்டப்படி செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் அணிய வேண்டும் என்கிறார்கள். இது முரண்பாடு இல்லையா?
(பிரம்டன் வாசகர்)

முரண்பாடு இல்லை என்பதை மானின் கண்ணே சொல்கிறது. நம் கண்ணில் நிறம் அறியும் கூம்பு அணுக்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. ஒன்று நீலத்துக்கும் மற்றொன்று மஞ்சள் கலந்த பச்சைக்கும் உரியவை. சிவப்பைத் தனியே பிரித்தறியும் வகை அதற்கு இல்லை. நம் கண்ணைக் குத்துகின்ற செம்மஞ்சள், அதற்குச் சருகின் நிறத்திலிருந்து அதிகம் வேறுபடாத மங்கிய நிறமாகவே தெரிகிறது. மாறாக, நீலத்தை அது நம்மைவிட நன்றாகப் பார்க்கும், புறஊதா ஒளியையும் ஓரளவு காணும். செம்மஞ்சள் அங்கியைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் நீல ஜீன்ஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

ஒன்ராறியோவில் மானுக்கும், மூஸ், எல்க் ஆகிய பெரிய மான் இனங்களுக்குமான துப்பாக்கிப் பருவம் நடக்கும்போது, வில்லாளிகள் உட்பட உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் செம்மஞ்சள் அணிய வேண்டும். இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலம், எல்லாப் பக்கங்களிலிருந்தும் தெரியும்படி இருக்க வேண்டும். தொப்பியும் அதே நிறமாக இருக்க வேண்டும். இலைக்கோலம் அச்சிட்ட செம்மஞ்சள் துணி அந்த 400 அங்குலக் கணக்கில் சேராது. சணலுக்குக் கீழே அங்கியை அணிந்துவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியதாக நினைக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் 200 மீட்டரில் நிற்கும் இன்னொரு வேட்டைக்காரரின் கண்ணுக்காகவே அந்த விதி எழுதப்பட்டது, அவருடைய கண்ணிலிருந்து மறைவதில் எவருக்கும் எந்த நன்மையும் இல்லை.

மானின் கண் கூர்மையில் நம்முடையதைவிடக் குறைந்தது, ஆனால் அசைவைப் பிடிப்பதில் நிகரற்றது. ஒரு மாலை, நானே கட்டிய உடையில், வேலிக்கரைப் புதர் ஒன்றோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். காற்று எனக்குச் சாதகமாக வீசியது. முப்பது மீட்டரில் ஒரு பெண்மான் மேய்ந்துகொண்டு, என்னை இரண்டு முறை நேராகப் பார்த்துவிட்டும் மேய்ச்சலைத் தொடர்ந்தது. கன்னத்தில் நுளம்பு ஒன்று உட்கார, விரலை மட்டும் மெல்ல உயர்த்தினேன். மான் தலையை மேய்வதுபோல் தாழ்த்திச் சட்டென்று நிமிர்த்தியது, மறுபடியும் தாழ்த்தி நிமிர்த்தியது, முன்காலால் நிலத்தை ஓங்கி உதைத்தது. அடுத்த கணம் தூக்கிய வெள்ளை வால் மட்டுமே மரங்களுக்கிடையே தெரிந்தது. பத்து இரவுகள் கட்டிய முடிச்சுகள் அனைத்தையும் ஒரு விரல் வீணாக்கியது.

வசந்தகால வான்கோழி வேட்டைக்கு அதே உடை போதுமா?
(குவெல்ஃப் வாசகர்)

போதாது, நிறத்தை மாற்ற வேண்டும். வான்கோழியின் கண்ணில் கூம்பு அணுக்கள் நான்கு வகை. மானை ஏமாற்றும் தவறான பழுப்பு அதை ஏமாற்றாது. ஏப்ரல் 25 முதல் மே 31 வரையான பருவத்தின் தொடக்கத்தில் காடு சருகாகவும், முடிவில் இளம்பச்சையாகவும் இருக்கும். ஆகவே பாதியில் நார்களை மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும். முகத்திரையும் கையுறையும் இல்லாமல் உட்காருவதில் பயனில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்தப் பருவத்தில் செம்மஞ்சள் கட்டாயமில்லை. நீங்கள் புதராகி, வான்கோழியின் குரலையும் எழுப்பி, பக்கத்தில் பொம்மைக் கோழியையும் நிறுத்தியிருப்பீர்கள். மற்றொரு வேட்டைக்காரரின் காதுக்கு நீங்கள்தான் வான்கோழி. உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சேவலின் தலையில் உள்ள சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் கைக்குட்டைகூட வைத்திருக்காதீர்கள். எவரேனும் நெருங்கினால் கையசைக்காமல், கோழிக்குரல் எழுப்பாமல், மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள். நீங்களும் கேட்கின்ற குரலை நோக்கி ஒருபோதும் பதுங்கிச் செல்லாதீர்கள்.

நான் வேட்டைக்காரன் அல்லன். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விலங்குகளைப் படமெடுக்க இந்த உடை உதவுமா?
(கோயம்புத்தூர் வாசகர்)

குளக்கரைகளில் பறவைகளைப் படமெடுக்க நன்றாக உதவும். யானையும் காட்டெருமையும் உள்ள காட்டுக்குள் வேண்டாம். யானை உங்களை மூக்கால் கண்டுபிடித்துவிடும். மிக அருகில் வந்தபின் புதர் மனிதனாக மாறினால், திடுக்கிட்ட விலங்கு ஓடுவதற்குப் பதிலாகத் தாக்கக்கூடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில், அனுமதியின்றிக் காட்டுக்குள் இந்த உடையில் பதுங்கியிருப்பவரை வனக்காவலர் எவ்வாறு பார்ப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

புதிய சணலில் கடும் வாடை அடிக்கிறது. துவைக்கலாமா? உண்ணிக் கடிக்கும் பயமாக இருக்கிறது.
(மார்க்கம் வாசகர்)

அந்த வாடை, ஆலையில் சணலை மென்மையாக்கத் தெளிக்கும் எண்ணெயினுடையது. புதிய சாக்கைப் பிரிக்கும்போது மண்ணெண்ணெய் போல எழுமே, அதேதான். கட்டுவதற்கு முன்பே நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசி, வெளியில் உலர்த்துங்கள். வெண்மையைக் கூட்டும் சலவைத் தூள்களைத் தொடாதீர்கள். அவற்றிலுள்ள ஒளிர்பொருள் புறஊதாவை நீலமாக மாற்றி வீசும், நீலத்தைத்தான் மான் நன்றாகக் காண்கிறது என்று மேலே சொன்னேன்.

சணல் எளிதில் பற்றும். அதனால் அடுப்பு, சிகரெட், கூடாரத்து நெருப்பு எதன் அருகிலும் உடையோடு போகாதீர்கள், மின்சார உலர்த்தியிலும் போடாதீர்கள். அமெரிக்க ராணுவம் தன் உடைகளுக்குத் தீயை எதிர்க்கும் இழைக்கு மாறியதற்கும் இந்த ஆபத்தே காரணம்.

உண்ணியைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. தெற்கு ஒன்ராறியோவில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி பரவியிருக்கிறது. தொங்கும் நார்கள் நாயுருவி விதைகளைச் சேர்ப்பதுபோல் உண்ணிகளையும் சேர்த்துக்கொள்ளும். உடையைக் காரின் இருக்கையில் போடாமல், இறுகக் கட்டிய பையில் வைத்துக் கொண்டுவந்து, வெளியிலேயே உதறித் தொங்கவிடுங்கள். உள்ளே அணிந்த ஆடைகளை, நனைப்பதற்கு முன், உலர்த்தியில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், தலைமுடி ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால், நுண்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து எடுத்து, அன்றைய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.