பாட்டும் ஸ்பெயினும் இல்லாத கார்மென்: 1919ஆம் ஆண்டின் டச்சு மௌனப் படம் வெறும் நகலா?

பாடல்களையும் ஸ்பெயினையும் நீக்கிவிட்டால் கார்மென் கதையில் என்ன மிஞ்சும், இயக்குநர் மவுரிட்ஸ் பிங்கர் 1919இல் நெதர்லாந்தில் எடுத்த ‘வடக்கின் ஒரு கார்மென்’ வெறும் நகல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நகல் என்று நான் கருதவில்லை. ஸ்பெயினில் நடக்கும் அந்தக் கதையில், ஹோசே என்ற படைவீரன் கார்மென் என்ற பெண்மீது மோகம் கொண்டு, அவளோடு கள்ளக்கடத்தலில் இறங்கி, கடைசியில் அவளையே கொல்கிறான்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் ஓபரா (இசை நாடகம்) 1875இல் மேடையேறுவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, 1845இல், பிரெஞ்சு எழுத்தாளர் ப்ராஸ்பெர் மெரிமே இக்கதையைக் குறுநாவலாக எழுதிவிட்டார். அதில் செவில் நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஹோசே, பித்தளைக் கம்பியில் சங்கிலி பின்னிக்கொண்டு, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் அமர்ந்திருக்கிறான். அந்தச் சங்கிலியைத் தனக்குத் தரச்சொல்லிச் சீண்டும் கார்மென், வாயோரம் வைத்திருந்த பூவை எடுத்து அவன் இரு கண்களுக்கும் நடுவில் படும்படி சுண்டி எறிகிறாள். அவள் போன பிறகு, தோழர்கள் கவனிக்காத நேரத்தில் அவன் அந்தப் பூவை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறான். இதற்குப் பாட்டு எதற்கு? 1915இல் அமெரிக்க இயக்குநர் சிசில் டிமில் தன் மௌனப் படத்தில் புகழ்பெற்ற ஓபராப் பாடகி ஜெரால்டின் ஃபராரையே குரல் கேட்காத கார்மெனாக நடிக்க வைத்தார் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும்.

ஸ்பெயினைப் பற்றியும் எனக்கு அதே எண்ணம்தான். கதையைத் தாங்குபவை கடமைக்குக் கட்டுப்பட்ட ஒரு படைவீரனும் அவனை இழுத்துக்கொள்ளும் கள்ளக்கடத்தலுமே. முதல் உலகப் போரில் நடுநிலை வகித்த நெதர்லாந்து நான்காண்டுகள் தன் படையைத் திரட்டி வைத்திருந்தது. பெல்ஜியத்தைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியர் நெதர்லாந்து–பெல்ஜிய எல்லையில் 1915இல் மின்வேலி போட்ட பிறகும் அங்கே கடத்தல் ஓயவில்லை. 1919இல் திரையரங்குக்கு வந்த டச்சுக்காரருக்கு இந்த இரண்டையும் விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது. பிங்கர் 1912இல் ஹார்லெமில் தொடங்கிய ஹாலந்தியா நிறுவனமும் அந்தப் போர்க்காலத்தில், வெளிநாட்டுப் படங்களின் வரத்துக் குறைந்திருந்தபோதுதான் வளர்ந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மெரிமேயின் கார்மெனைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, அவளைக் கொன்ற ஹோசே மரண தண்டனைக்குக் காத்திருக்கும்போது சொன்னது. ஆணை மயக்கி அழிக்கும் மோகினி என்ற பட்டம் அவன் வாக்குமூலத்திலிருந்து வந்தது. அவள் தரப்பைக் கேட்க ஆளில்லை. மௌனப் படத்திலோ அவன் வாய் அடைபட்டுவிடுகிறது, கேமரா அவளை நேராகப் பார்க்கிறது. அதிலும் இங்கே கார்மெனாக நடித்தவர் டச்சுத் திரையின் முதல் நட்சத்திரம் என்று போற்றப்பட்ட அன்னி போஸ். எதிரே நடித்த சிலி நாட்டவரான அடெல்கி மிக்லியாரைவிட, மக்கள் பெரும்பாலும் அவரைப் பார்க்கவே வந்திருப்பார்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குறுநாவலின் மூன்றாம் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். அதன் முடிவில், தான் கொடுத்த மோதிரத்தை அவள் கழற்றிப் புதருக்குள் வீசியதையும், கொன்ற பின் அதை நெடுநேரம் தேடியெடுத்து அவளோடு புதைத்ததையும் ஹோசே சொல்கிறான். அந்த இடத்தில் அவன் குரலை நீக்கிவிட்டுச் செயல்களை மட்டும் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு எந்த மௌனக் கார்மெனையும் பாருங்கள்.