கோழிக்கு எந்தத் தீவனத் தொட்டி? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வீட்டுப் பின்புறத்தில் சில கோழிகள் வளர்ப்பவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஆறு கோழி இருக்கிறது. தொங்கும் தொட்டிதான். ஆனாலும் பாதித் தீவனம் தரையில் கிடக்கிறது. வேறு வாங்கவா?

வாங்கும் முன் கயிற்றை ஏற்றிக் கட்டிப் பாருங்கள். கோழி நிற்கும்போது தட்டின் விளிம்பு அதன் முதுகு உயரத்துக்கு வரவேண்டும், கீழே இருந்தால் பிடித்த மணியைத் தேடி அலகால் இரண்டு பக்கமும் வாரியடித்துக்கொண்டே இருக்கும், அது அதன் சுபாவம், திருத்த முடியாது. தட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீவனம் நிற்கக் கூடாது. தீவனம் இறங்கும் குழாய்க்கும் அடியில் உள்ள தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைத்தால் சரியாகிவிடும். வளர்ந்த முட்டைக்கோழி ஒன்று ஒரு நாளைக்குத் தோராயமாக 100 முதல் 120 கிராம் தின்னும். ஆறுக்கும் சேர்த்து 700 கிராம் என்று வையுங்கள். தினமும் ஒரு கிலோவுக்கு மேல் காலியானால் மீதியைத் தின்பது கோழி இல்லை.

எலியைத்தான் சொல்கிறீர்கள், எங்கள் வீட்டிலும் அதுதான். மிதித்தால் திறக்கும் தொட்டி உதவுமா?

உதவும், எலித் தொல்லைக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான். கோழி பலகையில் ஏறி நின்றால் மூடி திறக்கும், எலியின் எடைக்குத் திறக்காது. ஆனால் சின்ன ரகக் கோழிகளின் எடைக்கும் திறக்காமல் போகலாம், அதனால் எவ்வளவு எடைக்குத் திறக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மூடி படாரென்று விழும் மாடல் வேண்டவே வேண்டாம், மெதுவாக மூடுவதாகப் பாருங்கள், குஞ்சு ஓடித் திரியும் இடத்தில் அதையும் வைக்காதீர்கள். பழக்குவதற்கு முதல் சில நாள் மூடியைத் திறந்தே கட்டி வையுங்கள், பிறகு பாதி திறந்து, பிறகு முழுவதும் விட்டுவிடலாம். ஒரு கோழி கற்றுக்கொண்டால் மற்றவை பார்த்துப் பழகும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் சாயங்காலம் தொட்டியை எடுத்து மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுங்கள், இருட்டிய பிறகு கோழி தின்னப்போவதில்லை.

பி.வி.சி. குழாயில் நானே செய்யலாமா சார்?

சார் இல்லை, அக்கா! குச்சித் தீவனம், அதாவது சின்னக் குச்சிகளாக அழுத்திய பெல்லட், போடுபவர் என்றால் செய்யலாம். தூள் தீவனம் குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும், மேலே நிறைய இருக்கும், கீழே கோழி குழாயின் வெறும் வாயைக் கொத்திக்கொண்டு நிற்கும். அடி வளைவில் பழைய தூள் தங்கி ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை நச்சு கோழியின் ஈரலைத்தான் முதலில் கெடுக்கும். கழற்றிக் கழுவ முடிகிற மாதிரி மாட்டுங்கள், பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். மேலே மூடியும் வேண்டும்.

ஒரு கோழி மட்டும் மற்றதையெல்லாம் விரட்டுகிறது.

பெரிய தொட்டி வாங்கினாலும் அது விரட்டத்தான் செய்யும். இரண்டு சின்னத் தொட்டிகளை ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வையுங்கள். நீளத் தொட்டி என்றால் ஒரு கோழிக்கு 10 சென்டிமீட்டர் இடம் கணக்கு.

தாயும் குஞ்சும் ஒரே தொட்டியில் தின்னலாமா?

தொட்டியை விடுங்கள், உள்ளே இருக்கும் தீவனம்தான் சிக்கல். முட்டைத் தீவனத்தில் கால்சியம் 4 சதவீதம் வரை இருக்கும், குஞ்சுகளின் சிறுநீரகம் அதைத் தாங்காது. ஒன்றாக இருக்கும் வரை எல்லாருக்கும் குஞ்சுத் தீவனம் போட்டு, முட்டையிடும் கோழிகளுக்குக் கால்சியத்துக்காகக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில், குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடலாம்.

பிளாஸ்டிக்கா, தகரமா?

வெயில் நேராக விழும் இடமென்றால் தகரம், பிளாஸ்டிக் நாளடைவில் விரிசல் விடும். நிழல் என்றால் பிளாஸ்டிக், கழுவ எளிது.

மேலே ஏறி உட்கார்ந்து தீவனத்திலேயே எச்சம் போடுகிறதே?

உட்கார இடம் கொடுத்திருக்கிறீர்கள், உட்காருகிறது. கூம்பு வடிவ மூடி போட்டால் வழுக்கிவிடும். தொட்டிக்கு நேர் மேலே இரவில் அடையும் கம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் முதலில் தொட்டியை அங்கிருந்து நகர்த்துங்கள்.