'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' விளையாட்டை ரசித்து விளையாடுவது எப்படி?

கேள்வி: கோத்தகிரியில் விடுமுறையைக் கழிக்கும் கல்லூரி மாணவன் நான். 'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' என்ற பழைய சாகச விளையாட்டை வாங்கி லேப்டாப்பில் நிறுவினேன். தொடங்கிய சில நிமிடங்களிலேயே கைதாகிவிடுகிறேன். சேமிக்கும் வசதியைக் காணோம்; உருவங்கள் விட்டுவிட்டு நகர்கின்றன. மழைக்காலம் என்பதால் மின்சாரமும் அடிக்கடி போகிறது. தொடர்ந்து விளையாடுவதில் பயனுண்டா?

பதில்: அவசியம் தொடருங்கள். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் அதற்குப் பின் பல ஆண்டுகள் உழைத்து 1997-இல் வெளியிட்ட படைப்பு இது. வெளியீட்டுக்குச் சற்று முன்னதாக வெளியீட்டாளரான புரோடர்பண்டின் விளம்பரப் பிரிவினர் விலகிவிட்டதால், விமர்சகர்கள் மெச்சியும் போதிய விளம்பரமின்றி இது கடைகளில் முடங்கிப்போனது. சாகச விளையாட்டுகளில் இந்த அளவுக்குத் துணிந்து செய்யப்பட்டு, இந்த அளவுக்குக் கவனிக்கப்படாமல் போனது வேறொன்று இல்லை என்பதே என் கருத்து.

முதலில் உங்கள் ஐயங்களைத் தீர்த்துவிடுகிறேன். உருவங்கள் விட்டுவிட்டு நகர்வது லேப்டாப்பின் பழுதன்று. நடிகர்களைப் படம்பிடித்து, அந்தப் படங்களை அக்கால ஐரோப்பியச் சுவரொட்டிகளின் பாணியில் கோட்டோவியங்களாக மாற்றி, அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார்கள். தனியாகச் சேமிக்க வேண்டிய தேவையும் இல்லை. விளையாட்டு தானாகவே பதிந்துகொண்டு போகும். முகப்பிலுள்ள கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பி முந்தைய நேரத்துக்குச் செல்லலாம். ஆகவே மின்தடையால் பெரிய இழப்பு நேராது. ஆனால் பின்னுக்குச் சென்று அங்கிருந்து விளையாடத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிந்தைய நிகழ்வுகள் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். முகப்பில் வெவ்வேறு வண்ணங்களில் உள்ள முட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பயணம். ஒன்றில் ஒழுங்காக முன்னேறுங்கள், இன்னொன்றைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கைதாவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலங்கியாகத்தான் இருக்கும். 1914 ஜூலை 24 மாலை பாரீஸிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்குப் புறப்படும் ஓரியன்ட் எக்ஸ்பிரஸில், ராபர்ட் கேத் என்ற அமெரிக்க மருத்துவராக ஏறுகிறீர்கள். அழைத்த நண்பர் டைலர் விட்னி தம் அறையில் கொலையுண்டு கிடக்கிறார். அவரைத் தொட்ட ரத்தக்கறையோடு நடைவழிக்கு வந்தால் நடத்துநர் சும்மா விடுவாரா? நண்பருடைய மேலங்கியை அணிந்துகொள்ளுங்கள். படுக்கை விரிக்க ஆள் வருவார் என்பதால் உடலையும் அங்கேயே விட்டுவைக்க இயலாது. அதற்கு என்ன செய்வதென்பதை நீங்களே கண்டறிந்தால்தான் சுவை.

இனி விளையாடும் முறைக்கு வருவோம். இங்கே நேரம் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. ரயிலின் கடிகாரம் உண்மை நேரத்தைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. அதாவது ரயிலில் ஒரு மணி நேரம் நமக்குப் பத்து நிமிடம். நீங்கள் உணவுப் பெட்டியில் ஜெர்மானிய வணிகர் ஆகஸ்ட் ஷ்மிட்டுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே, மற்றவர்கள் தம் அறைகளில் சந்திக்கிறார்கள், சண்டையிடுகிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் நம் மலை ரயிலில், பள்ளத்தாக்குப் பக்கம் அமர்ந்தவரும் பாறைப் பக்கம் அமர்ந்தவரும் ஒரே பயணத்தில் வெவ்வேறு காட்சிகளைக் காண்பதைப் போன்றது இது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடத் துடிப்பவருக்கு இவ்விளையாட்டு எரிச்சலையே தரும். தவறவிடுவதற்கு மனம் ஒப்பியவருக்குத்தான் அந்த ரயில் உயிருள்ளதாகத் தோன்றும்.

ஆகவே உணவுப் பெட்டியில் ஒரு மேசையருகே அமர்ந்து, எதையும் தொடாமல் சிறிது நேரம் காதை மட்டும் தீட்டி வையுங்கள். செர்பிய இளைஞர்களும், முதிய ரஷ்யப் பிரபுவும், வியன்னாவின் வயலின் கலைஞர் ஆனா வோல்ஃபும் அவரவர் மொழியில் பேசுவார்கள். கேத்துக்குப் புரியும் மொழிகளுக்கு மட்டுமே எழுத்து தோன்றும். தகரக் கூரையில் மழை கொட்டும் வீட்டில் ஹெட்ஃபோன் இல்லாமல் இதை விளையாட முடியாது. கதவோரத்தில் கேட்கும் கிசுகிசுப்பில்தான் கதையின் பாதி இருக்கிறது. பயணத்தின் இரண்டாம் நாளில், ரயிலின் தனிப் பெட்டியொன்றில் ஒரு கச்சேரி நடக்கிறது. அதைக் கடைசிவரை அமர்ந்து கேட்கலாம். பயணிகள் பலர் அங்கே கூடியிருக்கும் வேளையில் நழுவி, ஆளில்லா அறைகளைச் சோதிக்கவும் செய்யலாம். சோதிப்பதற்கு எழுந்து போகத்தான் வேண்டும் என்றாலும், கடிகாரத்தைத் திருப்பி ஒருமுறையாவது முழுக் கச்சேரியையும் கேட்டுவிடுங்கள்.

கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் பேச்சுகளின் கனம் புரியும். ஜூன் 28-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 23-இல் ஆஸ்திரியா செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தது. 28-இல் போர் மூண்டது. இந்த நாட்களுக்கு நடுவில்தான் ரயில் ஓடுகிறது. நமக்குத் தெரிந்த முடிவு பயணிகளுக்குத் தெரியாது என்பதால், சாதாரண வணிகப் பேச்சுகூட நெஞ்சைப் பிசைகிறது.

வழிகாட்டிகளை இப்போதைக்கு நாடாதீர்கள். வியன்னாவைத் தாண்டும்வரை உங்கள் காதையும் கடிகாரத்தையும் மட்டும் நம்பி விளையாடுங்கள். அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டால், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் குறிப்பைப் பார்ப்பதில் தவறில்லை.