டி.வி. கேள்வி–பதில்: நின்றுபோன கொரியத் தொடர் சேனல்

கொரியத் தொடரைத் தமிழ்ல போட்ட சேனல் ரெண்டு மாசமா வரல. லிஸ்ட்ல பேரு இருக்கு, தொட்டா கருப்பாத்தான் நிக்கி. ஆறடி டிஷ், மாசக் காசு கட்டாத பாக்ஸ். மழையில டிஷ் திரும்பிட்டு, 600 ரூவா குடுத்தா சரி பண்ணுதேன்னு மெக்கானிக் சொல்லுதாரு. குடுக்கலாமா?
– வாசகி, வள்ளியூர்

இப்போதைக்கு வேண்டாம். டிஷ் திரும்பியிருந்தால் ஒரு சேனல் மட்டும் போகாது, எல்லாமே போகும். அந்தச் சேனலில் நின்று ரிமோட்டில் இன்ஃபோ அழுத்துங்கள். இரண்டு கோடுகள் வரும். சிக்னல் பலம் காட்டும் கோடு டிஷ் நடுவில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்குக் கரண்ட் போனாலே ஏறிவிடும், அதை நம்பாதீர்கள். தரம் காட்டும் கோட்டைப் பாருங்கள். அது நன்றாக ஏறி நிற்கிறது, படம் மட்டும் கருப்பு என்றால் டிஷ்ஷில் குறையே இல்லை: சேனல் கட்டணத்துக்குப் போயிருக்கும், இல்லை மூடியிருப்பார்கள். லிஸ்டில் பேர் இருப்பது பாக்ஸின் ஞாபகம்தான், நாம் அழிக்கும்வரை இருக்கும்.

தரம் பூஜ்யமா? அதே அலைவரிசையில் இருந்த மற்றவையும் போய்விட்டனவா பாருங்கள். போயிருந்தால் இடம் மாற்றியிருக்கலாம். ஒருமுறை பிளைண்ட் ஸ்கேன் போடுங்கள்; பாக்ஸே எல்லா அலைவரிசையையும் தேடிப் பார்க்கும். புதிய இடத்திலும் அந்தப் பேர் வரவில்லை என்றால் கதை முடிந்தது. அலைவரிசை எண்ணுக்குப் பக்கத்தில் 'எச்' (கிடை அலை) போட்டவை எல்லாம் போய் 'வி' (நெடுக்கு அலை) மட்டும் வருகிறதா? 'எச்'சுக்கு 18 வோல்ட் வேண்டும், 'வி'க்கு 13 போதும். மழைநீர் இறங்கிப் பச்சை பூத்த கனெக்டரில் 18 ஏறாது. கேபிளை அரை அடி வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டால் சரி. மெக்கானிக்குக் காசு கொடுக்க வேண்டியது அதற்குத்தான்.

ஒரு உபரிச் சேதி. தமிழ்ச் சேனல்கள் பலவற்றைக் கொண்டிருக்கும் இன்டெல்சாட் 17 செயற்கைக்கோள், 66 டிகிரி கிழக்கில் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பார்த்தால் தென்மேற்கே, ஏறத்தாழ 73 டிகிரி உயரத்தில். அதனால் ஆறடி டிஷ் நம் பக்கம் மல்லாந்தே கிடக்கும்; ஐப்பசி மழையில் தண்ணீரும் வேப்பஞ்சருகும் தேங்கும். அடியில் வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதே சேனல்ல வந்த தொடர்களைப் பென்டிரைவ்ல பதிஞ்சு வச்சிருக்கேன். எப்படிக் காப்பாத்துறது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

எந்தப் பாக்ஸில் பதிந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டண டி.டி.எச். பாக்ஸ் என்றால் பதிவு பூட்டப்பட்டிருக்கும், அந்தப் பாக்ஸில்தான் ஓடும். கம்ப்யூட்டரில் செருகினால் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கலாம். 'ஆம்' சொன்னால் அத்தனையும் போச்சு.

இலவசப் பாக்ஸ் பதிவு பெரும்பாலும் 'டி.எஸ்.' ஃபைலாக இருக்கும், கம்ப்யூட்டரில் வீடியோ ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ஓடும். ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டாது, அதனால் நீண்ட பதிவு துண்டு துண்டாக உடைந்திருக்கும். ஃபோல்டரை முழுசாக காப்பி செய்யுங்கள். கடைசித் துண்டை விட்டுவிட்டுக் கிளைமாக்ஸைத் தேடுகிறவர்கள் உண்டு. சாதாரண சேனல் விநாடிக்கு 3 மெகாபிட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 1.35 ஜி.பி. வரும். 25 மணி நேரத் தொடர் 34 ஜி.பி.யில் அடங்கும். எம்.பி.4-ஆக மாற்றிச் சுருக்க வேண்டாம், படம் மங்கும். பென்டிரைவை வருஷக்கணக்கில் பீரோவில் போட்டுவைத்தால் உள்ளே இருப்பது தேயக்கூடும். ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று என இரண்டு பிரதி வையுங்கள்.

ஆப்ல அதே தொடர் இருக்கு, தமிழ்க் குரல் மட்டும் இல்லையே?
– வாசகி, மேலப்பாளையம்

படம் ஒருவர் சொத்து, தமிழ்க் குரல் வேறொருவர் செலவில் வந்தது. தயாரிப்பாளர் வசனம் நீக்கி, இசையும் சத்தமும் மட்டும் உள்ள ஒலித்தடத்தைத் தருவார். அதன்மேல் இங்கே குரல் பதிகிறார்கள். சேனல் வாங்கும் உரிமை இத்தனை வருஷம், இந்த நாடு என்று எல்லை போட்டது. கெடு முடிந்ததும் படம் கொரியாவுக்குத் திரும்பிவிடும், தமிழ்த்தடம் எங்கேயாவது அலமாரியில் கிடக்கும். ஆப்காரர்கள் அதைத் தனியாக விலை பேசி வாங்க வேண்டும், இல்லை புதிதாகப் பேச வைக்க வேண்டும். நம்மவர் டப்பிங் அவ்வளவு இயல்பாக ஒட்டியதற்கு மொழியும் ஒரு காரணம்: கொரியனிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும், அப்பாவுக்கு அங்கேயும் 'அப்பா'தான்.

'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' ஜப்பான் கதையா, கொரியக் கதையா?
– வாசகர், தச்சநல்லூர்

மூலம் யோகோ கமியோவின் ஜப்பானியச் சித்திரக்கதை. தைவான் 2001-லும் ஜப்பான் 2005-லும் தொடராக எடுத்தன. லீ மின்-ஹோ நடித்தது கொரியாவின் 2009 தொடர், 25 பகுதிகள்.