மெக்கானிக்கல் மாணவர்கள் தொலைநோக்கி புராஜெக்ட் எடுக்கலாமா? ஆப்டிக்ஸ் படிக்காமல் முடியுமா?

தாராளமாக எடுக்கலாம். "இது ஃபிசிக்ஸ்காரங்க வேலை, உங்களுக்கெதுக்கு?" என்று உங்கள் கைடு கேட்டிருப்பார் என நினைக்கிறேன். எங்களுக்கும் அதே பாட்டுதான்.

இறுதியாண்டில் 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி (லென்ஸுக்குப் பதில் குழிந்த கண்ணாடியால், அதாவது ஆடியால், ஒளியைக் குவிக்கும் வகை) செய்தோம். ஆடியை விலைக்கு வாங்கிவிட்டோம். குழாய், ஆடியைத் தாங்கும் சட்டமான செல், குழாயைத் தாங்கித் திருப்ப உதவும் டாப்சோனியன் பெட்டி எல்லாம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் செய்தவை. ஹாஸ்டல் மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால் நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிகிறது! வந்திருந்த இயற்பியல் பேராசிரியர், "கண்ணாடியே கோளாறு, திருப்பி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கண்ணாடியில் கோளாறென்றால் அது ஏன் கச்சிதமாக மூன்று மூலையோடு வர வேண்டும்? ஆடியைப் பிடித்திருந்த கிளிப்புகளும் மூன்றுதானே. படியேற்றும்போது கண்ணாடி அசையக்கூடாதென்று நண்பன் திருகுகளை நன்றாக முடுக்கி வைத்திருந்தான். தளர்த்தி, கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடம் விட்டேன். ஆடியின் சாய்வைத் திரும்பச் சரிசெய்து பார்த்தபோது நட்சத்திரம் புள்ளியாக நின்றது.

காரணம் எளிது. நல்ல பிம்பம் வேண்டுமென்றால் ஆடியின் பரப்பு சுமார் 70 நானோமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது. திருகை முடுக்கினாலே கண்ணாடி அதைவிட அதிகமாக வளைந்துவிடும். அதைத் தடுப்பது யார் வேலை? மெக்கானிக்கல்காரன் வேலைதானே.

பெரிய கருவிகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்தில் உள்ள 200 அங்குலத் தொலைநோக்கிக்குச் சட்டம் வடிவமைத்த பொறியாளர் மார்க் செரூரியர், எடையால் தொய்வே வராமல் செய்ய முயலவில்லை. சட்டத்தின் இரு முனைகளும் ஒரே அளவு தொய்ந்து, ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும்படி அமைத்தார். 1930களில் வந்த அந்த அமைப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

உடனே சண்டைக்கு வராதீர்கள், ஆப்டிக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குவியத்தூரம், பிம்பப் பிழைகள், கோலிமேஷன் (ஆடிகளை ஒரே நேர்கோட்டில் ஒழுங்குபடுத்துவது) இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடி தப்பான வடிவத்துக்குப் போனதே, அதற்குக் காரணம் சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்ததுதான். பாலிஷ் போட்டதில் குறையே இல்லை, பொருத்தியதில்தான் பிழை.

அப்புறம், சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து, ரிப்போர்ட்டும் பைண்டிங்குமாக வாங்கி வந்தார்கள். கியர் பாக்ஸ் எதற்கென்றே தெரியாதவனுக்கு எங்களைவிட மார்க் அதிகம். எங்களிடம் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்டது ஒரே கேள்வி: "இதை எங்கே வாங்கினீங்க?"

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆடி செல்லையே புராஜெக்ட்டாக எடுங்கள். தாங்குபுள்ளிகளை மாற்றி மாற்றி, சாய்கோணத்துக்கேற்ப ஆடி எவ்வளவு வளைகிறது என்று ஆன்சிஸ் என்ற கணினி மென்பொருளில் போட்டுப் பாருங்கள். முடிந்தால் ஒருமுறை தமிழ்நாட்டிலேயே இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்குப் போய், 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தாங்கும் குதிரைலாட மவுண்ட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.